ஞாயிறு ஆட்டம், திங்கள் வேலை

2023 மார்ச் 5, ஞாயிற்றுக்கிழமை. மதியம் மீன் கறியும் சோறும் உண்ட களைப்பில் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தேன். பக்கத்தில் மகன் கைப்பேசியில் விளையாட்டுச் செய்திகளைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"ரக்பியாம்ப்பா. ஆஸ்திரேலியாவுல புதுசா ஒரு குழு சேர்ந்திருக்கு. முதல் ஆட்டத்துலயே ஜெயிச்சிட்டாங்க" என்றான்.

கண்ணைத் திறக்காமலே, "எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"பிரிஸ்பேன் பக்கம். டால்ஃபின்ஸ்னு பேரு."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். சிட்னி ரூஸ்டர்ஸ் குழுவை 28-18 என்று வென்றிருந்தார்கள். கீழே ஒரு படம். கல்லில் கொத்தியதுபோல ஒரு முகம், 73 வயதுக் கிழவர், உதட்டில் சிரிப்பின் சுவடே இல்லை. "இவரு தோத்த குழுவோட பயிற்றுநரா?" என்று கேட்டான் மகன். இல்லையடா, ஜெயித்த குழுவின் பயிற்றுநரே இவர்தான். பெயர் வேய்ன் பென்னட். உன் அப்பன் 21 வயதுப் பையனாக லேங் பார்க் திடலில் நின்றபோது, கறுப்பு வெள்ளைச் சட்டைக்காரர்களுக்குப் பயிற்றுநராக இருந்தவரும் இவர்தான்.

வாசகர்களே, இந்த வாரம் அந்த 1985ஆம் ஆண்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அப்பாவின் சேமநிதிப் பணமும் அம்மாவின் கழுத்துச் சங்கிலியும் சேர்ந்துதான் என்னை பிரிஸ்பேனுக்கு விமானம் ஏற்றின. பல்கலைக்கழகம் ஆற்றுக்கு அந்தக் கரையில், செயின்ட் லூசியாவில். வாடகை மலிவாக இருந்ததால் நான் தங்கியது இந்தக் கரையில், வெஸ்ட் எண்டில். கப்பல் துறையில் மூட்டை தூக்கி ஓய்வுபெற்ற ஒரு முதியவரின் வீட்டில் பின்னறை கிடைத்தது. தூண்கள்மேல் நிற்கும் மரவீடு. நம் பழைய கம்பத்து வீட்டைப் பார்த்ததுபோல முதல் நாளே மனம் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். வாடகை எவ்வளவு, குளியலறை எங்கே என்பதைச் சொல்லிவிட்டு, மூன்றாவதாக ஒரு விஷயம் சொன்னார். "இந்த வீட்டில் சவுத்ஸுக்குத்தான் கைதட்ட வேண்டும்."

சவுத்ஸ் என்றால் சவுத் பிரிஸ்பேன் குழு. மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை அதன் சின்னம். சொந்தத் திடல் டேவிஸ் பார்க், வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். மறு ஞாயிற்றுக்கிழமையே என்னை அழைத்துக்கொண்டு போனார்.

ரக்பி லீக் என்ற ஆட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஒரு பக்கத்துக்கு 13 பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓட வேண்டும். ஆனால் முன்னால் நிற்பவனுக்கு வீசக் கூடாது, பின்னால் வருபவனுக்குத்தான் வீசலாம். எதிரணியினர் ஓடுபவனைக் கட்டிப்பிடித்துக் கீழே சாய்ப்பார்கள். ஆறு முறை சாய்க்கப்பட்டால் பந்து கைமாறிவிடும். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 4 புள்ளி, அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2 புள்ளி. நம் சடுகுடுவையும் காற்பந்தையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியது போல இருந்தது எனக்கு.

ஆட்டத்தைவிட ஆட்டக்காரர்கள்தான் எனக்கு வியப்பு. அங்கே 1909ஆம் ஆண்டிலிருந்து நகரத்துக் குழுக்களுக்குள் போட்டி நடந்துவந்தது. 1985இல் எட்டுக் குழுக்கள். ஈஸ்ட்ஸ், வெஸ்ட்ஸ், நார்த்ஸ், சவுத்ஸ் என்று திசைக்கு ஒன்று. கத்தோலிக்கப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் வழிவந்த பிரதர்ஸ். நகர நடுவே வேலிஸ். கிழக்கே கடலோரத்தில் வின்னம்-மேன்லி. வடக்கே விரிகுடாவை ஒட்டி ரெட்கிளிஃப். ஆட்டத்துக்குப் பணம் உண்டு. ஆனால் அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. பிற்பாடு 1989இல் நம் நாட்டில் 'லீகா செமி-புரோ' வந்தபோது, அந்தச் சொல்லின் பொருளை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காவல்துறை, கட்டட வேலை, குழாய் வேலை, லாரி ஓட்டுவது என்று ஆளாளுக்கு ஒரு பிழைப்பு. மாலையில் பயிற்சி, வாரக்கடைசியில் ஆட்டம். பென்னட்டே ஒரு போலீஸ்காரர். காவல்துறைப் பயிற்சிக் கழகத்தில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அங்கே அவரிடம் வந்து சேர்ந்த பயிற்சிக் காவலர்களில் ஒருவர் மால் மெனிங்கா. கதவு அளவு மார்பு, தூண் போன்ற தொடை. குவின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களில் உழைக்க தென்கடல் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல். தோட்டத்தில் பிறந்த எனக்கு அந்தச் செய்தி தெரிந்ததும், மெனிங்கா பந்தைத் தொட்டாலே கை தானாகத் தட்டும். 1980 ஜூலை 8, தமது இருபதாவது பிறந்தநாளன்று, குவின்ஸ்லாந்து மாநிலத்துக்காக முதல் 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்' ஆட்டத்தில் இறங்கி, உதைத்த ஏழு உதையையும் கம்பங்களுக்கு நடுவே அனுப்பியவர் அவர். அந்த மனிதர் எங்கள் வெஸ்ட் எண்டுத் திடலில் சேறு பூசிக்கொண்டு ஓடினார்.

வின்னம் குழுவில் வாலி லூயிஸ். 'கிங்' என்றால் அந்த ஊரில் அவர் ஒருவர்தான். ஆஸ்திரேலியக் குழுவின் தலைவர். அதே மனிதர் மறுவாரம் கடலோரப் புறநகர் ஒன்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுவார். அவருடன் ஜீன் மைல்ஸ், கிரெக் டவ்லிங், கோலின் ஸ்காட். நம் நாட்டில் மொக்தார் டஹாரி பக்கத்துத் தோட்டத்துக் குழுவுக்கு ஞாயிறுதோறும் விளையாட வந்தால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அந்த நெருக்கம் நிலைக்காது என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. "சிட்னிக்காரன் வந்து ஒவ்வொருத்தனாகக் கொத்திக்கொண்டு போவான்" என்பார். காரணம் மிக எளிது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1956 முதல் கிளப்புகளில் ஜாக்பாட் இயந்திரம் வைக்க அனுமதி. அந்த வருமானத்தில் சிட்னி கிளப்புகள் கொழுத்தன. குவின்ஸ்லாந்தில் அந்த அனுமதி 1990களில்தான் வந்தது. அதுவரை பிரிஸ்பேன் கிளப்புகளுக்கு நுழைவுச்சீட்டும் பீரும் ரஃபிள் சீட்டும்தான் கதி. பிரிஸ்பேன் வளர்க்கும், சிட்னி அறுவடை செய்யும். அந்த 1985இல் மாநிலங்களுக்கிடையிலான தொடரையும் நியூ சவுத் வேல்ஸ் முதன்முறையாகக் கைப்பற்றியது. வீட்டுக்காரர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. என் வாடகையைக்கூட வாய்திறக்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரருக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி மகன் ஒருவன் அடிக்கடி வருவான். என் வயதுதான். பிளம்பர் வேலை. கீழ்ப்பிரிவில் ஒரு குழுவுக்கு விளையாடிக்கொண்டிருந்தான். எந்தக் குழு என்பது இங்கே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வேலியோரம் நின்று அவனுக்குக் கைதட்டுவோம். திங்கட்கிழமை அவன் வந்து எங்கள் சமையலறைக் குழாயைச் சரிசெய்வான். "நேத்து நாலு பேர் சேர்ந்தும் என்னைச் சாய்க்க முடியலை, இந்தக் குழாய் சாய்ச்சிடும் போலிருக்கு" என்று சிரிப்பான். அவனைப் போல நகரம் முழுவதும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். வங்கி முகப்பிலும் மரக்கடையிலும் பஸ்ஸிலும் அவர்களைப் பார்க்கலாம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தால் கடைக்காரம்மா, "நேற்று தோற்றுவிட்டீர்களாமே" என்று விசாரிப்பார்.

எனக்கு அது புதிதல்ல. என் அப்பா தோட்டத்துக் குழுவில் காலணியில்லாமல் விளையாடியவர். விடியலில் பால்வெட்டு, மாலையில் திடல். வெள்ளைக்கார ஊரிலும் அப்பாக்கள் இருக்கிறார்கள் என்று அந்த வேலியோரம்தான் கண்டுகொண்டேன்.

ஜூன் மாதக் குளிரில் ஓர் ஆட்டம். எதிரணியில் ஒருவன் கீழே விழும்போதெல்லாம் துள்ளித்துள்ளிக் கத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதியில் மூன்று பேர் ஒரே நேரத்தில் தம்பி மகன்மேல் விழுந்தார்கள். எழுந்தவர்கள் இரண்டு பேர் கையை ஆட்டி மருத்துவ உதவிக்காரரைக் கூப்பிட்டார்கள். முட்டி போக வேண்டிய பக்கம் போகாமல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. என் தொண்டையிலிருந்த சத்தம் அங்கேயே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போன முட்டி திங்கட்கிழமை வேலையையும் கொண்டு போய்விட்டது. ஏணியில் ஏற முடியாது. தூண்வீடுகளுக்கு அடியில் தவழ்ந்து போய்க் குழாய் பார்க்க முடியாது. அவனுடைய முதலாளி கெட்டவர் அல்லர். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வேறு ஆளை வைத்துக்கொண்டார். தெருமுனை மதுக்கடையில் ஒரு பிஸ்கட் டின்னைச் சுற்றுக்கு விட்டார்கள். நான் 5 வெள்ளி போட்டேன், ஆஸ்திரேலிய வெள்ளி. எனக்கு அது இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. என்றாலும் அந்தக் காசு டின்னில் விழுந்தபோது கொடுத்தவன் என்ற நினைப்பு வரவில்லை. கைதட்டியதற்குக் கட்டணம் செலுத்துகிறேன் என்றுதான் தோன்றியது.

அப்பாவுக்கும் ஒருமுறை கால்விரல் உடைந்தது. மூன்று நாள் பெரட்டுக்குப் போகவில்லை, பேர் விழவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் கிராணி கழித்ததை அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

செப்டம்பர் வந்தது. இறுதியாட்டம் சவுத்ஸுக்கும் வின்னம்-மேன்லிக்கும். முந்தைய ஆண்டு இதே இரண்டு குழுக்கள்தான் மோதின. வின்னம் 42-8 என்று சவுத்ஸைத் துவைத்துக் காயப்போட்டிருந்தது. இந்த ஆண்டும் அப்படித்தான் என்று பல்கலைக்கழகத்தில் என் வகுப்புத் தோழர்கள் பந்தயம் கட்டினார்கள்.

நாங்கள் மூவரும் லேங் பார்க் போனோம். ஒரு காலத்தில் இடுகாடாக இருந்த நிலம் அது. பக்கத்திலேயே பீர் ஆலை. காற்று திரும்பினால் வேகவைத்த தானிய வாசம் திடல் முழுக்கப் பரவும். தம்பி மகன் ஊன்றுகோலோடு நின்றான். அவனை யாரும் இடித்துவிடாதபடி ஒரு பக்கம் நானும் மறுபக்கம் வீட்டுக்காரரும் அணைபோல நின்றுகொண்டோம்.

சவுத்ஸ் பக்கம் மெனிங்கா, கேரி பெல்ச்சர், பீட்டர் ஜாக்சன். மெனிங்கா அதே ஆண்டுதான் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் குழுவுக்கு ஒரு பருவம் ஆடி, ஊரே கொண்டாட, திரும்பி வந்திருந்தார். இடைவேளையில் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். "நன்றாகப் பார்த்துக்கொள். இவர்களில் பாதிப் பேர் அடுத்த ஆண்டு இங்கே இருக்கமாட்டார்கள். பணத்துக்குப் போய்விடுவார்கள்."

தம்பி மகன் திரும்பினான். அதுவரை அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"போகட்டும் பெரியப்பா. ஏன் போகக் கூடாது? அவங்க முட்டியும் என் முட்டி மாதிரிதானே? உடையறதுக்கு முன்னாடி காசு பார்க்கட்டும்."

வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. ஊன்றுகோலை ஒரு முறை பார்த்தார். பிறகு திடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்தபோது பலகையில் சவுத்ஸ் 10, வின்னம்-மேன்லி 8. 42-8 என்று தோற்றவர்கள் ஓராண்டு கழித்து இரண்டே புள்ளியில் வென்றுவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு கிழவி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். தம்பி மகன் ஊன்றுகோலைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினான். சாய்ந்துவிடாமல் இருக்க நாங்கள் இருவரும் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டோம்.

பெரியவர் சொன்னது பலித்தது. மறு ஆண்டே மெனிங்காவும் பெல்ச்சரும் கான்பெராக் குழுவுக்குப் போனார்கள். 1987இல் ஜாக்சனும் பென்னட்டும் அதே வழியில். 1988இல் சிட்னிப் போட்டியில் பிரிஸ்பேனுக்கே ஒரு குழு கிடைத்தது. பெயர் பிரான்கோஸ். முதல் பயிற்றுநர் பென்னட், முதல் தலைவர் வாலி லூயிஸ். முதல் ஆட்டத்திலேயே முந்தைய ஆண்டின் வெற்றியாளரான மேன்லியை லேங் பார்க்கில் 44-10 என்று நொறுக்கினார்கள். இனி சிட்னிக்கு யாரும் ஓட வேண்டியதில்லை. திறமைக்கான கூலி சொந்த ஊரிலேயே கிடைக்கும்.

ஆனால் நகரம் முழுவதும் அந்த ஒரு குழுவின் பின்னால் போனதும், எட்டுத் திடல்களின் வேலியோரங்களும் வெறிச்சோடத் தொடங்கின. நூற்றுக்கணக்கான பிளம்பர்களும் போலீஸ்காரர்களும் ஆடிய இடத்தில், ஒரு சில முழுநேர ஆட்டக்காரர்கள். அவர்களைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். கடைத்தெருவில் பார்க்க முடியாது.

பல ஆண்டுகள் நான் வீட்டுக்காரர் பக்கம்தான் இருந்தேன். பணம் வந்து ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். பிறகு இந்த ஆட்டம் எப்படிப் பிறந்தது என்று படித்தபோதுதான் வாய் அடைத்தது. இங்கிலாந்தின் வடபகுதியில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் ரக்பி ஆடினார்கள். ஆட்டத்துக்காக வேலையைவிட்டு வந்தால் அந்த நேரத்துக்குக் கூலி போகும். போன கூலியை ஈடுகட்டுங்கள் என்று கேட்டார்கள். வேலைக்குப் போக வேண்டிய கட்டாயமில்லாத கனவான்கள், விளையாட்டுக்குக் காசு வாங்குவது இழிவு என்றார்கள். 1895 ஆகஸ்ட் 29ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் வடபகுதிக் கிளப்புகள் கூடித் தனியே பிரிந்தன. அதுதான் ரக்பி லீக். தம்பி மகன் லேங் பார்க்கில் கேட்ட கேள்வியிலிருந்துதான் அந்த ஆட்டமே பிறந்திருக்கிறது. தொண்ணூறு ஆண்டு கழித்து, அதே ஆட்டத்தின் வேலியோரம் நின்றுகொண்டு நான் கனவான்களின் கட்சி பேசியிருக்கிறேன்.

நமக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவன் குறைந்த கூலிக்கு முட்டியை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை? அதே சமயம், ஞாயிறு கைதட்டியவனைத் திங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்த அந்த ஊர் இப்போது இல்லை என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பிரிஸ்பேன் போனபோது லேங் பார்க்கைப் பார்த்தேன். இப்போது பிரம்மாண்டமான அரங்கம். வெளியே வாலி லூயிஸ் வெண்கலச் சிலையாக நிற்கிறார். டேவிஸ் பார்க்குக்கும் போனேன். சனிக்கிழமை காலை அங்கே சந்தை கூடுகிறது. பெரிய அத்தி மரங்களின் நிழலில் காய்கறி விற்கிறார்கள். நான் நின்ற வேலியோரம் எது என்று குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடிந்தது. ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு வந்தேன். சமைக்க இடமில்லாத ஹோட்டல் அறைக்குக் கீரை எதற்கு என்று மனைவி கேட்டாள்.

டால்ஃபின்ஸ் என்ற பெயரைக் கேட்டு நான் எழுந்து உட்கார்ந்ததன் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அது வேறு யாருமல்ல, பழைய ரெட்கிளிஃப். 1985இல் ஆடிய அந்த எட்டில், தேசியப் போட்டிக்குள் தன் காலாலேயே நடந்து போன ஒரே குழு. 38 ஆண்டு கழித்து அதை நடத்திப் போனவரும் அந்தச் சிரிக்காத பென்னட்தான்.

அன்று மாலையே பிரிஸ்பேனுக்குத் தொலைபேசினேன். வீட்டுக்காரர் காலமாகி வெகு காலமாகிறது. தம்பி மகனுக்கு இப்போது அறுபது வயது. கால் தேறியதும் மறுபடி குழாய் வேலைக்கே போனான். பிறகு சொந்தமாகக் கடை வைத்துக்கொண்டான். ஆண்டுக்கு ஒருமுறையாவது பேசிக்கொள்வோம்.

"முட்டி எப்படி இருக்கிறது?" என்றேன்.

"வானிலை அறிக்கைக்கு ஒரு நாள் முன்னாடியே மழை சொல்லுது" என்றான்.

டால்ஃபின்ஸ் ஆட்டத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தானாம், பெரியப்பா இருந்திருந்தால் ரெட்கிளிஃபுக்குக் கைதட்டியிருக்கவே மாட்டார் என்று சிரித்தான். பிறகு வேறொரு செய்தி சொன்னான். பத்து வயதுப் பேத்தி பிடிவாதம் பிடித்து, இந்த ஆண்டு ரக்பி லீக் ஆடப் பெயர் கொடுத்திருக்கிறாளாம்.

"சரி என்று விட்டுவிட்டாயா?"

"வேண்டாம்னு சொல்ல நான் யாரு?" என்றான். "காப்புறுதிப் படிவம் ஒண்ணு கொடுத்தாங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை படிச்சேன்."